கலைச்சொல் உதவி: மிதிக்காமலே எரியும் பிரேக் லைட்

கோவையார் எழுதியது:

வணக்கமுங்க. மின்கார் பழுதுநீக்கப் பயிற்சிக்கான தமிழ்க் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஐந்தாம் பாடம் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கிறது. மூன்று சொற்கள் வேண்டும்.

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே டைனமோவாக மாறி, சக்கரத்தின் ஓட்டத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்பி, அந்த இழுவையிலேயே வண்டியை மெதுவாக்குகிறதே, 'ரீஜென்' என்கிறார்களே, அதற்கு ஒன்று. அப்போது பிரேக் பெடலைத் தொடாமலேயே பின்னால் எரியும் சிவப்பு விளக்குக்கு ஒன்று. ஒரே பெடலில் ஓட்டவும் நிறுத்தவும் செய்கிற முறைக்கு ஒன்று.

வரைவில் 'மீளுருவாக்கத் தடுப்பு' என்று இருக்கிறது. பல்லிக்கு வால் முளைக்கிற பாடம் போலத் தொனிக்கிறது. படிக்கப்போகிறவர்கள் ஐடிஐ முடித்த பிள்ளைகள். வெள்ளி இரவுக்குள் சொன்னால் போதும்.

பெருந்துறையார் எழுதியது:

அன்புடையீர், பல்லிவாலை முதலில் வெட்டிவிடுவோம். இங்கே எதுவும் மறுபடி உருவாகவில்லை. கைவிட்டுப் போக இருந்த ஆற்றல் மீட்கப்படுகிறது. 'மீள்' தன்வினை, 'மீட்டு' பிறவினை. தானாகத் திரும்பினால் மீட்சி, ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தால் மீட்பு. மோட்டார் வேலை செய்துதான் மின்சாரம் திரும்புகிறது, ஆகவே மீட்பு.

இதற்குப் புறத்திணையிலேயே இடம் உண்டு. பகைவர் ஓட்டிச் சென்ற ஆநிரையை மீட்பது கரந்தை. கொங்கில் ஊருக்கு ஊர் நடுகல் நிற்பது எதற்காம்? 'கரந்தைத் தடுப்பு' என்று வைத்தால்கூட எனக்கு மகிழ்ச்சிதான். அச்சம் இருந்தால் 'மீட்புத் தடுப்பு' போடுங்கள். மூன்றாவதற்கு 'ஒற்றை மிதி ஓட்டம்'.

'ரீஜென்' ஆகவே ஆகாது. ரகரம் மொழிக்கு முதலில் வராது.

நாமக்கல்லார் எழுதியது:

> அச்சம் இருந்தால் 'மீட்புத் தடுப்பு' போடுங்கள்

ஏனுங்க ஐயா, தீத் தடுப்புன்னா தீயைத் தடுக்கறது. கொசுத் தடுப்புன்னா கொசுவைத் தடுக்கறது. அப்ப மீட்புத் தடுப்புன்னா? கெணத்துல உழுந்தவனைத் தூக்க உடாம மறிக்கறதுங்களா?

பட்டறையில பசங்க 'ரீஜென்'னுதான் சொல்றாங்க. புரியாதவங்களுக்கு 'சார்ஜ் புடிக்கிற பிரேக்கு'ன்னு சொன்னா ஒடனே புரிஞ்சிருது. அதையே போட்டா என்னங்க? ஒற்றை மிதி எனக்குச் சம்மதம்.

பெருந்துறையார் எழுதியது:

நாமக்கல்லாரின் கேள்வி நியாயமானது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் வேற்றுமைத் தொகையாகவே காதில் விழும். 'மீட்பால் தடுப்பு' என்று மூன்றாம் வேற்றுமையாகக் கொள்ளச் சொல்லி ஒவ்வொரு மாணவனுக்கும் அடிக்குறிப்பு எழுத முடியாது. தடுப்பைக் கைவிடுகிறேன். 'மீட்புத் தணிப்பு'?

பொள்ளாச்சியார் எழுதியது:

தணிப்பு என்றால் ஷாக் அப்சார்பர் பாடத்தில் வரும் அதிர்வுத் தணிப்போடு மோதும். அந்தப் பாடமும் இதே கையேட்டில்தான் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பெரிய உறுத்தல் இரண்டாவது சொல்லில்தான். எதனால் அந்த விளக்கு எரிகிறது என்று தெளியாமல் பேர் வைத்தால் பாடமே பிழையாகிவிடும். சாதாரணக் காரில் பெடலோடு ஒரு சுவிட்ச். மிதித்தால் எரியும், அவ்வளவுதான். கியரைக் குறைத்து என்ஜின் பிடியில் இறங்கும்போது எரியாது. மின்காரில் பெடல் வழி அப்படியே இருக்க, கூடவே இன்னொரு வழி வருகிறது. காலை எடுத்ததும் வண்டி எவ்வளவு விரைவாக மெதுவாகிறது என்று கணினி பார்த்து, அது விளக்கை எரியச் சொல்கிறது.

கார் பிரேக்குகளுக்கான ஐ.நா. ஒழுங்குமுறை 13எச் இதற்கு வரம்பு வைத்திருக்கிறது. எதிர்முடுக்கம், அதாவது வேகம் குறையும் வீதம், 0.7 மீட்டர்/நொடி² வரை இருந்தால் விளக்கு எரியக் கூடாது. 1.3ஐத் தாண்டினால் எரிந்தே ஆக வேண்டும். இடைப்பட்டது தயாரிப்பாளர் விருப்பம். வரம்பின் விளிம்பில் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதும் விதி. அதற்காக எரியும் அளவையும் அணையும் அளவையும் தள்ளித் தள்ளி வைப்பார்கள், அல்லது சிறு தாமதம் கொடுப்பார்கள்.

இப்போது ஆழியாறிலிருந்து வால்பாறை போகும் சாலையை நினையுங்கள், 40 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது மோட்டார் வண்டியை இறுக்கிப் பிடித்து 30 கிலோமீட்டர் வேகத்திலேயே வைத்திருக்கிறது. பேட்டரிக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கிறது. 1,500 கிலோ வண்டி 1,000 மீட்டர் இறங்கினால் நிலையாற்றல் சுமார் 4 யூனிட், அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் வேகம் குறையவில்லை, ஆகவே விளக்குக்கு வேலையும் இல்லை. மீட்பு நடக்கிறது, விளக்கு எரியவில்லை. 'மீட்பு விளக்கு' என்று யாராவது எழுதவருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: அது தப்பு.

பெருந்துறையார் எழுதியது:

பொள்ளாச்சி அம்மா சொன்னதில் 'எதிர்முடுக்கம்' என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. ஈழத்தார் பாடநூலில் முடுகினால் ஆர்முடுகல், தணிந்தால் அமர்முடுகல். எத்தனை அழகு! அமர்தல் என்றால் பொருந்துதல், அடங்குதல், விருப்பம் கொள்ளுதல். அமர் என்றால் போர் என்றும் பொருள். ஒரே சொல்லுக்குள் அமைதியும் போரும்! 'அமர்வு விளக்கு' என்று வைக்கலாம்.

நாமக்கல்லார் எழுதியது:

அமர்வுன்னா கோர்ட்டுங்க ஐயா.

திருப்பூரார் எழுதியது:

வண்டியை மெதுவாக்க நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. அவிநாசித் தேரோட்டத்தில் சக்கரத்தடியில் கட்டை கொடுத்துத்தானே தேரைத் திருப்புகிறார்கள், நிறுத்துகிறார்கள்? முட்டுக்கட்டை, சறுக்குக்கட்டை எல்லாம் பிரேக்குக்கு முன்னோர்தான். 'முட்டு' என்பதை வேராகக் கொண்டு 'மின்முட்டு' எனலாம். இன்னொன்று: மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலை ஏற்றத்தில் மாடு சரிவில் இறங்கும்போதுதான் சால் மேலே வருகிறது. இறக்கத்தில் ஈட்டுகிற வித்தை நமக்குப் புதிதல்ல.

பொள்ளாச்சியார் எழுதியது:

திருப்பூராரே, தேர் நிலைக்கு வந்துவிட்டது. கவலை உவமை நன்றாக இருக்கிறது, ஆனால் அங்கே மாட்டின் உழைப்பும் சேர்ந்துதான் சால் ஏறுகிறது. முட்டு கொடுத்தால் ஆற்றல் முழுவதும் சூடாகிப் போய்விடும். மின்காரிலும் டிஸ்க் பிரேக் செய்வது அதைத்தான். 'மின்முட்டு' நேர் எதிர்ப்பொருள் தருகிறது.

நாமக்கல்லார் எழுதியது:

பேர் எதுவானாலும் வைங்க. பாடத்துல இதெல்லாம் இருக்குதான்னு பாருங்க, இல்லாட்டி பையன் முதல் வேலையா பல்பைத்தான் கழட்டுவான்.

'ரீஜென்ல லைட் எரியல'ன்னு வண்டி வந்தா முதல்ல பெடலை மிதிச்சுப் பாக்கணும். எரிஞ்சா பல்பு, எர்த்து, வயரு எல்லாம் சரி. அப்பறம் பேட்டரி எவ்வளவு நெறஞ்சிருக்குன்னு பாக்கணும். நூறு சதம் நெறஞ்ச பேட்டரி சார்ஜ் வாங்காது, மோட்டார் புடியும் கொறஞ்சிரும், லைட்டும் எரியாது. அது பழுதே இல்லைங்க. மலை மேல முழு சார்ஜ் போட்டுட்டு எறங்கறவங்களுக்கு இது கட்டாயம் தெரியோணும். பழகுன புடி இருக்காது, பெடல்லதான் புடிக்கோணும். கொஞ்சம் வண்டிங்க டிஸ்க்கைச் சேத்து அந்தக் கொறையை நெரப்பும், எல்லா வண்டியும் அப்படிச் செய்யாது.

மூணாவது, ரீஜென் அளவு கொறச்சு வெச்சிருந்தா 0.7க்குள்ளயே அடங்கிரும், லைட் எரியக் கூடாதுங்கறதுதான் சரி. இத்தனையும் பாத்தும் எரியலைன்னா ஸ்கேனரை மாட்டி, கணினி பிரேக் லைட்டைக் கேக்குதான்னு பாக்கணும். கேட்டும் எரியலைன்னா லைட்டுங்களைப் பாத்துக்கற கணினி, அதான் பாடி கன்ட்ரோலர், அது பக்கம் போங்க. கேக்கவே இல்லைன்னா மோட்டார், பிரேக் கணினிப் பக்கம்.

லிஃப்டுல தூக்கிச் சோதிக்காதீங்க. சக்கரம் மட்டும் சுத்தி நிக்கறது வண்டி நிக்கறது ஆகாது. வெளிய வாங்குன எல்இடி போட்ட வண்டின்னா, கணினி பல்பு இருக்குதான்னு பாக்க அனுப்புற துடிப்புக்கே அது லேசா மினுக்கும். அதை ரீஜென் கோளாறுன்னு நெனச்சுக்கக் கூடாது.

பொள்ளாச்சியார் எழுதியது:

மேலே உள்ளதை அப்படியே சேருங்கள். சாலைச் சோதனைக்கு ஒரு எளிய கணக்கும் தருகிறேன். சமதளச் சாலை, பின்னால் இன்னொரு வண்டியில் விளக்கைப் பார்க்க ஒருவர். 60லிருந்து காலை எடுத்து, முள் 40க்கு வர எத்தனை நொடி என்று பாருங்கள். 4 நொடிக்குள் வந்தால் 1.3ஐத் தாண்டியாயிற்று, விளக்கு எரிந்திருக்க வேண்டும். 8 நொடிக்கு மேல் ஆனால் 0.7க்குக் கீழே, எரியக் கூடாது. நடுவில் விழுந்தால் அந்த வண்டியின் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

ஃபோனில் உள்ள முடுக்கமானிச் செயலியை மலைப்பாதையில் நம்பாதீர்கள். நூறு மீட்டருக்கு 8 மீட்டர் இறங்கும் சரிவில், ஒரே வேகத்தில் போனாலும் அது 0.78 காட்டும். புவியீர்ப்பின் பங்கு அது.

ஒற்றை மிதி பற்றியும் ஒரு வரி வேண்டும். காலை முழுக்க எடுத்தால்தான் விளக்கை எரியவிடுவது என்று நிரல் எழுதிய கார்கள் இருந்தன. பெடலை லேசாகத் தொட்டுக்கொண்டே பலமாக மெதுவானால் விளக்கு எரியாது. 2023இல் அமெரிக்காவில் இது பெரிய பேச்சானது. பின்னால் வருபவருக்கு நம் கால் எங்கே இருக்கிறது என்பது முக்கியமல்ல. 1.3 என்றால் ஒவ்வொரு நொடிக்கும் வேகம் மணிக்கு 4.7 கிலோமீட்டர் குறைகிறது, அது தெரிந்தால் போதும்.

ஆகவே என் முன்மொழிவு: விளக்குக்குப் புதுப்பேர் வேண்டாம். பொருள் ஒன்றே, கடையில் கேட்பதும் 'பிரேக் லைட்'தான். பேர் வேண்டியது அதை எரியச்சொல்லும் சைகைக்கு. பெடல் வழி வருவது 'மிதிச் சைகை'. வேகம் குறைவதைப் பார்த்து வருவது 'தணிவுச் சைகை'. தணிப்பு அல்ல, தணிவு. ஷாக் அப்சார்பரோடு மோதாது.

பெருந்துறையார் எழுதியது:

தணி என்ற தன்வினையிலிருந்து தணிவு. இலக்கணப்படி குற்றம் காண முடியவில்லை. ஆனால் 'பிரேக் விளக்கு' என்பதை ஏற்க மாட்டேன். வல்லின மெய்யில் முடியும் தமிழ்ச்சொல் உண்டா? 'நிறுத்த விளக்கு' என்று இருக்கட்டும்.

நாமக்கல்லார் எழுதியது:

நிறுத்தம்னா பஸ் நிக்கற எடம். அங்க எரியறது தெருவிளக்குங்க.

கோவையார் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வெள்ளி இரவு ஆகிவிட்டது, இதற்கு மேல் காத்திருக்க முடியாது. ஐந்தாம் பாடத்தில் இப்படிப் போகிறது: மின்மீட்பு பிரேக், பிரேக் விளக்கு, மிதிச் சைகை, தணிவுச் சைகை, ஒற்றை மிதி ஓட்டம். முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் 'பட்டறைப் பேச்சில் ரீஜென்' என்று ஒரு வரி. 60லிருந்து 40 கணக்கைக் கட்டம் போட்டுத் தனியாகக் கொடுக்கிறேன். கரந்தை இந்தப் பதிப்பில் இல்லை.

பெருந்துறையார் எழுதியது:

என் மாற்றுக்கருத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். குறைந்தபட்சம் 'மின்மீட்புப் பிரேக்கு' என்று ஒற்றும் உகரமும் போடுங்கள். கடன்சொல்லானாலும் வல்லினம் வல்லினம்தானே.

நாமக்கல்லார் எழுதியது:

உகரம் நாங்க எப்பவுமே போட்டுத்தானுங்க ஐயா பேசறோம்.