ஹிமாலயன் 450 பின் டயர் எங்கே கிடைக்கும்?

வணக்கம் அண்ணாச்சிமாரே. வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450, 2024 மாடல், டியூப் வைத்த ஸ்போக் வீல். பின் டயர் நடுவில் வழுவழுவென்று தேய்ந்துவிட்டது. போன வாரம் தென்காசி தாண்டி, சாரலில் பிரேக் பிடித்தபோது பின்பக்கம் நன்றாகவே இழுத்தது. அளவு 140/80 ஆர்17 (அகலம் 140 மி.மீ., பக்கச் சுவர் உயரம் அதில் 80 சதவீதம், ரேடியல் டயர், ரிம் 17 அங்குலம்).

நெல்லையில் வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை, ஜங்ஷன் கடைகளில் கேட்டாயிற்று. தூத்துக்குடி, நாகர்கோவிலுக்கும் போன் போட்டாயிற்று. ஆன்லைனிலும் ஸ்டாக் இல்லை. அட்வென்ச்சர் வண்டிகள் நம்ம ஊரில் இவ்வளவு ஓடுகின்றன, டயர் மட்டும் கடைக்கு வருவதில்லை. பெரிய குறைதான் இது.

ஒரு கடையில் 150/70-17 போடச் சொன்னார்கள். அகலம் 10 மி.மீ. கூடும், சரி, ஆனால் பக்கச் சுவர் 112-லிருந்து 105 மி.மீ. ஆகிவிடும். மலைப்பாதைக் குழியில் ரிம் அடிவாங்கும் என்று மனம் ஒப்பவில்லை. ஆடி முடியும்முன் மணிமுத்தாறு பக்கம் போக வேண்டியிருக்கிறது.

நெல்லையிலிருந்து மதுரைக்குள் 140/80 ஆர்17 இப்போது கையிருப்பில் உள்ள கடை எது?