குடும்பக் குழு: கார் ஒரு பக்கம் இறங்கி நிக்குது

மணி: மாமா, கார் முன்னாடி இடது பக்கம் இறங்கி நிக்குது. முன்னாடி ரெண்டு ஷாக் அப்சார்பரும் போச்சுங்கறார் மெக்கானிக். மாத்திடவா?

மாமா: அவசரப்படாதே. வண்டி எடையைத் தாங்குறது காயில் ஸ்பிரிங். ஷாக் ஆட்டத்தை அடக்கத்தான். அது போனா ஆயில் கசியும், பள்ளத்துல விழுந்தா ஆட்டம் நிக்காது. உயரம் இவ்வளவு குறையாது. முதல்ல அளந்து பாரு.

மாமா: சமதரையில நிறுத்து, டிக்கியைக் காலி பண்ணு, டயர் காத்தைச் சரி பண்ணு. பானெட்டை நாலு தடவை அமுக்கி விடு. வீல் நடுப்புள்ளியிலேருந்து நேர் மேல வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேல இருக்குற பாடி வளைவு) விளிம்பு வரைக்கும் டேப் பிடி.

கவிதா: தரையிலேருந்து அளக்காதடா. டயர் தேய்மானமும் கணக்குல சேர்ந்துடும்.

மணி: முன் வலது 378 மி.மீ., இடது 356. பின் வலது 372, இடது 368.

மாமா: ரெண்டு பக்கத்துக்கும் 10 மி.மீ. வரைக்கும் வித்தியாசம்னா நான் கண்டுக்க மாட்டேன். முன்னாடி 22 ரொம்ப அதிகம். பின் சக்கரத்துக்குக் கல்லு வச்சுட்டு, முன் கிராஸ்மெம்பர் (வண்டிக்கு அடியில குறுக்கே போற சட்டம்) நடுவுல ஜாக்கி போட்டுத் தூக்கு. இடம் ஓனர் மேனுவல்ல இருக்கும். அப்போ பின்பக்கம் சமமா நின்னா கோளாறு முன்னாடிதான். வண்டிக்கு அடியில தலையை விடாதே.

மணி: பின்னாடி சமமாத்தான் நிக்குது.

கவிதா: ஸ்டீயரிங் ஒடிக்கும்போது டங்குன்னு சத்தம் வருதா?

மணி: வருதுக்கா!

மாமா: அப்போ ஸ்பிரிங்தான். வண்டியை இறக்கிட்டு ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு டார்ச் அடி. ரெண்டு பக்கமும் ஸ்பிரிங்கோட சுத்து எண்ணு. கீழ்ச்சுத்து உட்கார்ற கிண்ணத்துல சேறும் தண்ணியும் தங்கும். பெயின்ட் உரிஞ்சு துரு ஏறி அங்கதான் உடையும். மேலோட்டமாப் பார்த்தா தெரியாது.

மணி: (படம்) கடைசிச் சுத்துல முக்கால் வட்டம் துண்டாக் கிடக்கு மாமா.

மாமா: ஓட்டாதே! உடைஞ்ச முனை டயர் பக்கவாட்டைக் கிழிச்சிடும். டோ பண்ணி எடுத்துட்டுப் போ.

கவிதா: ஒரு பக்கம் மட்டும் மாத்தாதே. பழைய ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்திருக்கும், புதுசு உயர்ந்து நிக்கும். முன் ஸ்பிரிங் ரெண்டையும் ஒரே பார்ட் நம்பர்ல, ஒரே கலர் அடையாளத்தோட வாங்கு. ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) மேல இருக்குற மவுன்ட், பேரிங் ரெண்டையும் அப்பவே பார்க்கச் சொல்லு.

மாமா: ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற ஸ்பிரிங் கம்ப்ரஸர் மாட்டாம ஸ்ட்ரட் நடு நட்டைத் தொடவே கூடாது. ஸ்பிரிங் தெறிச்சா உயிருக்கே ஆபத்து. மாட்டும்போது ஸ்பிரிங் முனை கிண்ணத்துல இருக்குற படியில முட்டி உட்காரணும். லோயர் ஆர்மைக் (சக்கரத்தை வண்டியோட இணைக்கிற கீழ்க்கை) கழட்டினா, அதோட ரப்பர் புஷ் போல்ட்டைச் சக்கரத்துல எடை இறங்கின பிறகுதான் கடைசியா முறுக்கணும். தொங்கவிட்டு முறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே நின்னு சீக்கிரம் கிழியும்.

சித்தி: எங்க வண்டி பின்னாடி ரெண்டு பக்கமும் இறங்கியிருக்கே, அதுவும் இதுதானா?

மாமா: உங்க டிக்கியில சிஎன்ஜி சிலிண்டர் இருக்கே, அந்த எடைம்மா. ரெண்டு பக்கமும் ஒரே அளவுன்னா உடைஞ்சிருக்க வாய்ப்பு குறைவு. அளந்து அனுப்பு.

மணி: ஷாக் மாமா?

மாமா: ஆயில் கசிவு இல்லன்னா விட்டுடு. வேலை முடிஞ்சு கொஞ்ச தூரம் ஓட்டிட்டு, வீல் அலைன்மென்ட் பார்த்துட்டு, மறுபடி நாலு அளவையும் இங்க போடு.