கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரா, வயரிங்கா? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. வண்டி 2014 மாடல், பெட்ரோல். காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ஓடிச் சூடான பிறகு நிறுத்தி எடுத்தால்தான் வம்பு. இழுத்து இழுத்துத்தான் பிடிக்கிறது, சைலன்சரில் பெட்ரோல் வாடை, ரேடியேட்டர் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது. மைலேஜ் பற்றிக் கேட்காதீர்கள்.

ஸ்கேனரில் பி0118 கோடு, அதாவது கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) சூட்டை அளக்கும் சென்சாரின் சர்க்யூட்டில் சிக்னல் வோல்டேஜ் அதிகம் என்கிறது. லைவ் டேட்டாவில் 88 டிகிரி காட்டும்போதே திடீரென மைனஸ் 40க்கு விழுந்து மறுபடி ஏறுகிறது. சர்க்யூட் எங்கோ விட்டுப்போனால்தான் மைனஸ் 40 வரும், சென்னை வெயிலில் வேறெப்படி! சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தேன்: ஆறியிருக்கையில் 2 கிலோ ஓமுக்குக் கொஞ்சம் குறைவு, கொதிக்கும் நீரில் 200 ஓம் பக்கம். கனெக்டரில் 5 வோல்ட்டும் வருகிறது.

மெக்கானிக் அண்ணன் தெர்மோஸ்டாட்டையும் (சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) சேர்த்து மாற்றச் சொல்கிறார். அது திறந்தபடி நின்றுவிட்டால் சூடு மெதுவாகத்தானே ஏறும், இப்படிக் குதிக்காதே?

எஞ்சின் அதிர்விலும் சூட்டிலும் மட்டும் சென்சாருக்குள் தொடர்பு விடுவதுண்டா? இல்லை, கனெக்டர் பின் தளர்ச்சியா, எர்த் வயரா? சென்சாரைக் கழற்றிவிட்டு இரண்டு பின்னையும் ஷார்ட் செய்து ரீடிங் உச்சத்துக்குப் போகிறதா என்று பார்க்கலாமா, இசியூவுக்கு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஆபத்து வருமா? இதே தொல்லையைப் பார்த்தவர்கள் எங்கிருந்து ஆரம்பித்தீர்கள் என்று சொன்னால் போதும்.