புதுப்பிப்பு: அதிகம் வாசிக்கப்படாத வயலின்–பியானோ படைப்புகள்

ஃபிராங்க், பிராம்ஸ் எழுதிய சொனாட்டாக்களையே (பல பகுதிகள் கொண்ட கருவியிசைப் படைப்புகள்) திரும்பத் திரும்ப வாசித்துச் சலித்துவிட்டது, வேறு என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது, "படைப்பு யாருக்காக எழுதப்பட்டது என்று பார்த்து, அந்த வயலின் கலைஞரைப் பின்தொடருங்கள்" என்ற யோசனைதான். ஃபிராங்க் 1886இல் தன் சொனாட்டாவை வயலின் கலைஞர் யூஜீன் இசாயிக்குத் திருமணப் பரிசாகக் கொடுத்தார். சரி, இசாயிக்காக வேறு யார் எழுதினார்கள் என்று தேடினேன். கிடைத்தவர் கியோம் லெக்கூ. இசாயி கேட்டதற்காக 1892இல் ஜி மேஜர் சொனாட்டாவை எழுதிய பெல்ஜியக்காரர். 1894இல், 24 வயதில், டைபாய்டில் இறந்துபோனார். பதிப்புரிமை காலாவதியாகிவிட்டதால் இசைத்தாள் ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய இசைத்தாள் நூலகத்தில் இலவசம்.

எதிர்பாராதது: மெதுவான இரண்டாம் பகுதி 7/8 தாளத்தில் (ஒரு சுற்றுக்கு ஏழு எண்ணிக்கை) போகிறது. எண்ணிக்கொண்டே வாசித்தால் பாட்டு செத்துவிடுகிறது. ஒரே மூச்சாக நினைத்தால்தான் ஓடுகிறது. அப்புறம், முழுதும் வாசிக்க அரை மணி நேரம் ஆகும், பியானோ பகுதியும் லேசானதல்ல. துணைக்கு வாசிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இசையமைப்பாளர் ஏமி பீச்சின் ஏ மைனர் சொனாட்டாவைப் (1896) பரிந்துரைத்தவருக்கு: அடுத்தது அதுதான்.