மழைன்னாலே விடிய விடிய ஃபோன நோண்டிக்கிட்டே இருக்கேன், எப்படி நிறுத்துறது?

கேள்வி:
நான் ஷார்ஜால இருக்கேன், அம்மா அப்பா ஸ்ரீவைகுண்டம் பக்கத்துல தனியா இருக்காங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துல டவர் எல்லாம் போயி வீட்டுக்கு லைனே கிடைக்கல, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 செ.மீ. கொட்டுச்சுல்ல, அப்போ புடிச்ச பழக்கம் இது. இப்பல்லாம் வானிலை செய்தில தூத்துக்குடின்னு பேர் வந்தா போதும், ஆத்துல தண்ணி வர்ற வீடியோ, அப்புறம் எங்கயோ நிலச்சரிவு, அப்புறம் எங்கயோ பாலம் இடிஞ்சது, கை அதுபாட்டுக்கு தள்ளிக்கிட்டே போகுது. அம்மாகிட்ட கேட்டா "இங்க தூறல் கூட இல்லப்பா, நீ தூங்கு"ங்கறாங்க. அப்பவும் ஃபோன வைக்க முடியல. இதுல இருந்து வெளிய வந்தவங்க யாராவது இருக்கீங்களா?

பதில் 1:
தம்பி, அன்னைக்கு நாங்க திருநெல்வேலி வண்ணார்பேட்டைல தண்ணிக்கு நடுவுலதான் கெடந்தோம். கரண்ட் இல்ல, நெட் இல்ல, பக்கத்து வீட்டு மாடில எல்லாரும் சேந்து சோறு பொங்கி சாப்ட்டோம். பெங்களூர்ல இருந்த எங்க மவதான் ஃபோன பாத்து பாத்து எங்கள விட ஆடிப் போயிட்டா, ஒரு வாரம் சரியா சாப்பிடல பாவம்.

பதில் 2:
அண்ணாச்சி சொல்றது ஆராய்ச்சிலயே வந்திருக்கு. 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்கு அப்புறம் விசாரிச்சு பாத்தாங்க, தினமும் 6 மணி நேரத்துக்கு மேல அந்த செய்தியவே பாத்தவங்களுக்கு, குண்டு வெடிச்ச இடத்துலயே இருந்தவங்கள விட மன அழுத்தம் அதிகமா இருந்துச்சு. அதனால உங்கள நீங்களே திட்டிக்காதீங்க ப்ரோ. இந்த முடிவே இல்லாத ஸ்க்ரோல 2006ல உருவாக்கின ஏஸா ராஸ்கினே பின்னாடி வருத்தப்பட்டு பேசியிருக்கார். பேப்பர்னா கடைசிப் பக்கம்னு ஒண்ணு வரும், இதுல அது கிடையாதே.

பதில் 3:
புயல் நேரத்துலயே வானிலை மையம் பொதுவா 3 மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் அறிக்கை விடுது, நடுவுல நீங்க பாக்குறதுல பாதி பழசு, 2015 சென்னை வெள்ள வீடியோ இன்னும் புதுசு மாதிரி சுத்திக்கிட்டு இருக்கு. வாட்ஸ்அப்ல ரெண்டு அம்புக்குறி போட்டு வர்ற ஃபார்வர்ட திறக்கவே திறக்காதீங்க. அறிக்கைய படிங்க, வீட்டுக்கு ஒரு கால் போடுங்க, போதும். முக்கியமா ஃபோன அடுத்த ரூம்ல சார்ஜ் போட்டுட்டு படுங்க. அம்மா கால் மட்டும் சத்தம் வர்ற மாதிரி செட்டிங்ஸ்ல வச்சுக்கலாம்.

பதில் 1 (மறுபடியும்):
தம்பி, உங்க ஊருக்கு பாக்கணும்னா பாபநாசம், மணிமுத்தாறு அணைல எவ்வளவு தெறக்காங்கன்னு பாரு, அங்க தெறந்த தண்ணி தாமிரபரணி வழியா உங்க பக்கம்தான வரும். கலெக்டர் ஆபீஸ் கண்ட்ரோல் ரூம் நம்பர் 1077, அது வெளிநாட்டுல இருந்து போகாது, அப்பா ஃபோன்ல போட்டு வைக்கச் சொல்லு. பக்கத்துல மாடி வீட்டுக்காரங்க யாராவது இருந்தா அவங்க நம்பரயும் நீ வாங்கி வச்சுக்கோ.