மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. அவசரம்!

ஆயாவீட்டுப்பேரன்: காரைக்குடிப் பக்கம் ஆயா வீட்டுக் கிணற்று மோட்டார் நன்றாக ஓடுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை. போன வாரம் வரைக்கும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது), நாற்பது பேர் வருவார்கள். என்ன செய்ய?

வைண்டிங்கடை: கப்பாசிட்டராக இருக்கும். மாற்றிப் பாருங்கள்.

பள்ளத்தூரான்: அண்ணே, கப்பாசிட்டர் போனால் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், சுற்றாது. இவர் ஓடுகிறது என்கிறார். பைப்பின் அடிமுனையில் தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடிக்கிற புட்வால்வுதான், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வாஷரில் மண் மாட்டியிருக்கும்.

தோட்டக்காரி: மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருக்கும் மோனோபிளாக்கா, ஜெட்டா, கிணற்றுக்குள் இறக்கியதா? தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது? பிரைமிங் செய்தீர்களா? ஒன்றுமே சொல்லாமல் கேட்டால் எப்படித் தம்பி?

ஆயாவீட்டுப்பேரன்: மோனோபிளாக், 1 எச்பி. தண்ணீர் ஊற்றித்தான் போட்டேன். ஊற்றியது மட்டும் குபுக்கென்று வந்து நின்றுவிடுகிறது. கிணறு ஆழம்தான், ஆனால் தண்ணீர் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது.

பள்ளத்தூரான்: அப்போ தண்ணீரை உறிஞ்சும் சக்‌ஷன் பைப்பில் காற்று இழுக்கிறது, இல்லையென்றால் புட்வால்வு. பம்பின் கூடான கேஸிங்கை வாய்வரை நிரப்பி, மோட்டார் போடாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினால் கீழே ஒழுகுகிறது என்று அர்த்தம். இறங்காவிட்டால் மேலே உள்ள ஜாயிண்டுகளில் சைக்கிள் டியூபை இறுகச் சுற்றிப் பாருங்கள்.

பழையபொறியாளர்: இங்கே யாரும் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் நடுவில் எதையாவது மாற்றினீர்களா?

ஆயாவீட்டுப்பேரன்: பெரிதாக ஒன்றும் இல்லை சார். மோட்டார் கிணற்றுக்குள் ஒரு கல் திட்டில் இருந்தது, துருப்பிடிக்கிறது, இறங்கிப் பார்க்கவும் சிரமம் என்று மேலே அடுப்படிச் சுவரோரம் கொண்டுவந்து வைத்தோம். பைப்பை நீட்டிக்கொண்டோம். மற்றபடி எல்லாம் அதே மோட்டார், அதே பைப்தான்.

பழையபொறியாளர்: “பெரிதாக ஒன்றும் இல்லை”! நல்லது. திட்டு எத்தனை அடியில்? அங்கிருந்து தண்ணீர் எத்தனை அடி? கயிற்றில் கல்லைக் கட்டி அளந்துவிட்டு வாருங்கள், அதுவரை எதையும் வாங்காதீர்கள்.

கண்டனூர்_மாப்பிள்ளை: மேலே ஏற்றினால் இழுக்கத் தெம்பு பற்றாது. 2 எச்பி போட்டுவிடுங்கள், வேலை முடிந்தது.

பழையபொறியாளர்: 20 எச்பி போட்டாலும் வராது. பம்ப் தண்ணீரைப் பிடித்து இழுப்பதில்லை. உள்ளே காற்றழுத்தத்தைக் குறைக்கிறது, வெளியே இருக்கிற காற்றுதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்தக் காற்றால் தள்ள முடிந்தது கணக்குப்படி 34 அடி. பைப் உராய்வு, வளைவு, புட்வால்வு எல்லாம் போக 25 அடி வந்தால் பெரிது. குதிரைத்திறன் தண்ணீரை மாடிக்கு ஏற்ற உதவும், கிணற்றிலிருந்து உறிஞ்ச உதவாது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

கண்டனூர்_மாப்பிள்ளை: எங்கள் தோட்டத்தில் 40 அடியிலிருந்து மேலே வைத்த மோட்டார்தான் இழுக்கிறது. பள்ளிக்கூடத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டக்காரி: கிணற்றுக்குள் எத்தனை பைப் இறங்குகிறது மாப்பிள்ளை?

கண்டனூர்_மாப்பிள்ளை: இரண்டு.

தோட்டக்காரி: அது ஜெட் பம்ப். ஒரு பைப்பில் தண்ணீரைக் கீழே அனுப்பி, அந்த வேகத்தில் இன்னொன்றில் ஏற்றுகிறது. கணக்கே வேறு.

பழையபொறியாளர்: நன்றி. அதைத்தான் சொல்ல வந்தேன்.

தோட்டக்காரி: சொல்லவில்லையே சார், பள்ளிக்கூடத்தைத்தானே சொன்னீர்கள்.

ஊருணிக்கரை: மோட்டாரை விடுங்கள், கிணறு ஏன் இறங்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் வளவு (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம்) ஓட்டிலிருந்து விழும் மழையை அண்டா அண்டாவாகப் பிடித்து வைத்தோம். இப்போது முற்றத்தை ஷீட் போட்டு மூடிவிட்டு, தண்ணீரைத் தெருச் சாக்கடையில் விடுகிறோம்.

வைண்டிங்கடை: 2003லேயே மழைநீர் சேமிப்பைக் கட்டாயம் ஆக்கினார்களே?

ஊருணிக்கரை: ஆக்கினார்கள். எங்கள் தெருவில் பாதி வீட்டில் பைப் சுவரோடு நிற்கிறது, கீழே குழியே கிடையாது.

பள்ளத்தூரான்: அண்ணே, இழை மோட்டாருக்கு. மழைக்குத் தனியாகத் தொடங்குங்கள்.

ஆயாவீட்டுப்பேரன்: அளந்தேன். மேலிருந்து திட்டு 13 அடி, தண்ணீர் 32 அடி.

பழையபொறியாளர்: முன்பு 19 அடி உறிஞ்சியது, இப்போது 32 கேட்கிறீர்கள். பைப் நீட்டின வளைவுகள் வேறு. திட்டிலேயே இறக்குங்கள். மேலேதான் வேண்டும் என்றால் ஜெட்டுக்கு மாறுங்கள், அல்லது தண்ணீருக்குள் போடும் ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் வாங்குங்கள். துருவுக்குப் பயந்தால் மேலே ஒரு தகரம் மாட்டியிருக்கலாம்.

தோட்டக்காரி: இறக்கும்போது மெயினை அணைத்துவிட்டு இறங்குங்கள். தனியாக வேண்டாம், இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.

ஆயாவீட்டுப்பேரன்: (சனி இரவு) இறக்கிவிட்டோம். தண்ணீர் வருகிறது. பிளம்பர் புட்வால்வையும் மாற்றிவிட்டார். எல்லோருக்கும் நன்றி, அடுப்படியில் கூப்பிடுகிறார்கள்.

பள்ளத்தூரான்: நான்தான் முதலிலேயே சொன்னேனே, புட்வால்வு என்று!

பழையபொறியாளர்: அட ஆண்டவா.

கண்டனூர்_மாப்பிள்ளை: தம்பி, புட்வால்வு பித்தளையா பிளாஸ்டிக்கா? என்ன விலை ஆனது? எங்களுடையதும் கொஞ்சம் ஒழுகுகிறது.

கண்டனூர்_மாப்பிள்ளை: (வியாழன்) தம்பி?