குன்னூர் மேட்டுத் தெரு குழு: ரோடு அப்புறம், தண்ணி வழி முதல்ல

லதா டீச்சர்: எல்லாருக்கும் வணக்கம். நம்ம தெருவைப் பேர்த்துப் புதுசா போடுறதுக்கு அளவெடுக்க வியாழக்கிழமை காலை 10 மணிக்கு நகராட்சி ஜேஇ (ஜூனியர் இன்ஜினியர்) வர்றாங்க. அன்னிக்கு அவங்க நோட்டுல ஏறுறதுதான் எஸ்டிமேட்ல வரும். கேட்க வேண்டியதை அதுக்குள்ள இங்கயே பேசி ஒரு முடிவுக்கு வந்துடலாம்.

கார்த்தி: முதல்ல அகலம் கேட்கணும் டீச்சர். மேட்டுப் பக்கக் கரையில மூணடி வெட்டினா போதும், ரெண்டு கார் எதிரெதிரே போகலாம்.

போஜன் சார்: அது மட்டும் வேண்டாம் தம்பி. கரை பத்தடி உயரம், மேல மூணு வீடு நிக்குது. நம்ம செம்மண் காஞ்சிருக்கும்போது செங்குத்தா நிக்கும், ஊறிடுச்சுன்னா தன் பாரத்தையே தாங்காது. அடியை வெட்டினா மேல பிடிமானம் போச்சு. 2009 நவம்பர் மழையில மாவட்டம் முழுக்க மண் சரிஞ்சதை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. அதுவுமில்லாம ஜேசிபி இறக்க மாவட்ட நிர்வாகத்தோட அனுமதி வேணும். கரையில இருக்கிற மரத்தைத் தொட்டா 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அதுக்கு வேற அனுமதி.

போஜன் சார்: அகலத்துக்குப் பதிலா ஒதுங்க இடம் கேளுங்க. பழைய குப்பைத் தொட்டி இருந்த இடத்துல 12 மீட்டர் நீளம், ரெண்டு மீட்டர் கூடுதல் அகலம் கிடைக்கும். வெட்டவே வேண்டாம், அங்க ஏற்கெனவே சமதளம்.

கார்த்தி: சரிங்க சார். அப்ப அந்த இடத்துல யாரும் வண்டி நிறுத்தக் கூடாதுன்னு பெயின்ட்டும் அடிக்கச் சொல்லணும்.

ஷாஹுல் பாய்: எனக்கு ஒரு கேள்வி. கான்கிரீட்டா, இன்டர்லாக் கல்லா? கல்லுன்னா பைப் உடைஞ்சா எடுத்துட்டுத் திரும்பப் பதிச்சுக்கலாமே.

போஜன் சார்: சமதளத்துல நீங்க சொல்றது சரி பாய். நம்ம தெரு 180 மீட்டர் நீளத்துல 22 மீட்டர் இறங்குது, எட்டுக்கு ஒண்ணுன்னு வெச்சுக்கங்க. இந்தச் சரிவுல பிரேக் போடுற ஒவ்வொரு வண்டியும் கல்லைக் கீழே தள்ளும். மழை இடுக்கு மணலைக் கழுவிட்டுப் போயிடும், அப்புறம் கல் ஒண்ணொண்ணா ஆடும். குறுக்கே நிறைய பீம் போட்டா நிக்கும், ஆனா அந்தச் செலவுக்கு கான்கிரீட்டே போட்டுடலாம்.

போஜன் சார்: மேல எதைப் போட்டாலும் நான் பெரிசா சண்டை போட மாட்டேன். கால்வாயை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. ரோடு கெடுறது வண்டியால இல்ல, அடியில இறங்குற தண்ணியால.

ஸ்டெல்லா அக்கா: கால்வாய் இப்பவும் இருக்கே சார். ஆனா மழைன்னா எங்க வீட்டு வாசல்லதான் பொங்குது. மேல யாருக்கும் ஒண்ணும் ஆகறதில்ல.

போஜன் சார்: காரணம் சொல்றேன். மேல இருந்து நம்ம தெருவுக்கு வர்ற பரப்பு ஏறக்குறைய ஒரு ஹெக்டேர். மணிக்கு 75 மி.மீ. வேகத்துல மழை கொட்டினா, அதுல 70 சதவீதம் ஓடி வந்தாலே விநாடிக்கு 145 லிட்டர். 300 மி.மீ. அகலம், 450 மி.மீ. ஆழம் உள்ள கால்வாய் இந்தச் சரிவுல 500 லிட்டருக்கு மேலயே கடத்தும், தாராளம். ஆனா உங்க வாசல்ல சரிவு நூத்துக்கு ஒண்ணுதான். அங்க அதே கால்வாய் 150 லிட்டர்தான் தள்ளும். மேல விநாடிக்கு 5 மீட்டர் வேகத்துல வந்த தண்ணி அங்க ஒன்றரை மீட்டருக்கு இறங்குது. வேகம் குறைஞ்சதும் மண் அங்கயே படியுது. நாலு அங்குலம் மண் படிஞ்சா மிச்சம் எல்லாம் வாசலுக்குத்தான்.

ஸ்டெல்லா அக்கா: அப்ப என்ன கேட்கணும்?

போஜன் சார்: நாலு கேளுங்கம்மா. கீழ் 40 மீட்டருக்கு மட்டும் கால்வாய் 450 மி.மீ. அகலம், 600 மி.மீ. ஆழம். சமதளம் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு மீட்டர் சதுரத்துல மண் படியற தொட்டி, அடி மட்டம் கால்வாயை விட ரெண்டடி கீழே. சரிவுல தண்ணி வேகத்தை உடைக்கப் படிப்படியா இறங்குற கால்வாய். திருப்பத்துல வெளிப்பக்கச் சுவர் ஒரு அடி உயரம் கூட.

போஜன் சார்: கடைசில ரோட்டைக் கடக்குற 300 மி.மீ. பைப்பையும் எடுக்கணும். 600-க்குக் குறையாத ஹியூம் பைப், அதாவது கான்கிரீட் குழாய் போடச் சொல்லுங்க. 300-ல ஒரு தேங்காய் மட்டை சிக்கினா எடுக்க வழியே இல்ல.

லதா டீச்சர்: கால்வாய் மேல ஆளாளுக்குக் கான்கிரீட் போட்டு வண்டி ஏத்துறாங்களே, அதையும் பேசிடணும். வருத்தப்படாதீங்க, எங்க வீட்டையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

போஜன் சார்: கட்டாயம். மூடி தனித்தனி சிலாப்பா இருக்கணும். ரெண்டடிக்கு ஒன்றரை அடி, நாலு அங்குலக் கனம், ரெண்டு பக்கம் கொக்கி. ஒண்ணு 67 கிலோ வரும், ரெண்டு பேர் தூக்கிடலாம். வண்டி ஏறுற சரிவு கேட்டுக்கு உள்ளேதான் வரணும்.

மணி பிளம்பர்: அண்ணா, பைப்பைப் பத்தி நான் சொல்றேன். கான்கிரீட் போட்டு மூணு மாசத்துல கனெக்‌ஷனுக்குன்னு வெட்டுவாங்க, அந்த ஒட்டு வழியாத்தான் தண்ணி இறங்கித் தெரு கெடும். அதனால குடிதண்ணி லைன் முழுசும் ரோட்டுக்கு முன்னாடியே மாத்தணும். பழைய ஜிஐ இரும்பு பைப் வேண்டாம், எச்டிபிஈ பிளாஸ்டிக் பைப் கேளுங்க. கால்வாய் மேட்டுப் பக்கம் போனா குடிதண்ணி பள்ளத்துப் பக்கம் போகணும்.

ஷாஹுல் பாய்: இப்ப கால்வாய்க்குள்ளயேதானே பாதி பேர் லைன் போகுது?

மணி பிளம்பர்: அதுதான் பாய் ஆபத்து. நமக்குத் தண்ணி நாள் பூரா வர்றதில்ல. சப்ளை நின்னதும் மேட்டுல இருக்கிற பைப்ல தண்ணி கீழே இறங்கும், உள்ள வெற்றிடம் வரும். ஜாயின்ட்ல சின்ன ஓட்டை இருந்தாலும் வெளியில ஓடுற சாக்கடையை உள்ளே இழுத்துடும்.

மணி பிளம்பர்: இன்னும் மூணு விஷயம். மேல காத்து போய் வர ஏர் வால்வு, கீழே கழுவி விட ஒரு வாஷ்அவுட் வால்வு, நடுவுல தண்ணியை நிறுத்த ஒரு கேட் வால்வு. பத்து மீட்டர் இறக்கத்துக்கு சதுர செ.மீ.-க்கு ஒரு கிலோ பிரஷர் கூடும், அதனால கடைசி வீட்டுக்கு ரெண்டு கிலோவுக்கு மேல கூடுதலா வரும். பைப்பும், வீட்டு லைன் பிரியற இடத்துல மாட்டுற சேடிலும் அதைத் தாங்கணும். மூடறதுக்கு முன்னாடி பிரஷர் டெஸ்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. அப்புறம் ரெண்டு வீட்டுக்கு ஒண்ணுன்னு ரோட்டுக்குக் குறுக்கே நாலு அங்குல பிவிசி பைப் சும்மாவே புதைச்சு வெச்சுட்டா, நாளைக்கு நெட் கேபிளோ மின்வாரியக் கேபிளோ எதுவும் வெட்டாம இழுத்துக்கலாம்.

போஜன் சார்: மணி சொன்னதுல ஒண்ணு சேர்க்கிறேன். குழியை மூடும்போது 20 செ.மீ. கனத்துக்கு ஒரு அடுக்குன்னு இடிச்சு இடிச்சு மூடணும். அள்ளிக் கொட்டி மூடினா அடுத்த மழைக்கு அமுங்கும், மேல கான்கிரீட் அந்தக் கோட்டுலயே விரியும். குழியை ராத்திரி திறந்தும் போடக் கூடாது. காட்டெருமை நடமாட்டம் இருக்கு.

கார்த்தி: ரோடு மட்டம் மறுபடி ஏறிடுமா? பள்ளத்து வீடுங்க ஏற்கெனவே படிக்குக் கீழே இருக்கு.

போஜன் சார்: ஏறக் கூடாது. பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு 2021-ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு ரோடு போடுற துறைகளுக்கு எழுதியிருக்கார். வாயால கேட்டா நிக்காது. ஒவ்வொரு வீட்டு வாசற்படியும் ரோட்டை விட எவ்வளவு உயரம் அல்லது தாழ்வுன்னு செ.மீ.-ல எழுதிக் கொடுங்க. ரோடு முழுக்க மேட்டுப் பக்கமே சாயணும், மூணு மீட்டர் அகலத்துக்கு 7.5 செ.மீ. அப்பதான் பள்ளத்து வீட்டுக்குத் தண்ணி போகாது.

ஸ்டெல்லா அக்கா: என் கோரிக்கை ஒண்ணு. வயசானவங்க மூடுபனியில இந்தச் சரிவுல இறங்க முடியல. ஓரமா படியும் கைப்பிடியும் வேணும்.

கார்த்தி: அக்கா, படி போட்டா பைக் நிறுத்துற இடம் போயிடும்.

லதா டீச்சர்: கார்த்தி, பைக்கை வேற இடத்துல நிறுத்திக்கலாம். முட்டி வலியோட மருந்துக்கு இறங்குறவங்களுக்கு வேற வழி இல்ல. படி வேணும்னு நான் எழுதிட்டேன்.

போஜன் சார்: ரொம்ப செங்குத்தான 60 மீட்டருக்கு மட்டும் நாலடி அகலத்துல போட்டா போதும். படிக்கட்டு உயரம் எல்லாம் ஒரே அளவா 15 செ.மீ. இருக்கணும், ஒண்ணு கூடக் குறையக் கூடாது. கால் தடுமாறுறது அங்கதான்.

ஷாஹுல் பாய்: நாலாவது வீட்டுத் தடுப்புச் சுவர் வயிறு தள்ளியிருக்கே, அது இந்த வேலையில வருமா?

போஜன் சார்: வரணும், ஜேஇ-க்கு முதல்ல அதைத்தான் காட்டணும். வெள்ளையடிக்கும்போது தண்ணி வடியற துளைங்களையெல்லாம் சிமென்ட்டால பூசியிருக்காங்க, அதனால பின்னாடி தண்ணி தேங்கித் தள்ளுது. பிரிச்சுக் கட்டி, ஒன்றரை மீட்டருக்கு ஒண்ணுன்னு 75 மி.மீ. பைப் வெளிப்பக்கம் சாய்ச்சு வெச்சு, பின்னாடி ஒரு அடிக்கு ஜல்லி நிரப்பணும். சுவருக்குப் பின்னாடி இருக்கிற உறிஞ்சு குழியையும் வேற இடத்துக்கு மாத்தணும்.

லதா டீச்சர்: வேலை எப்ப தொடங்கச் சொல்லலாம்?

போஜன் சார்: குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, டிசம்பர் வரைக்கும் தொடாதீங்க. ஜனவரியில பைப்பும் கால்வாயும், பிப்ரவரி மார்ச்சுல கான்கிரீட். ஏப்ரல் கடைசில கோடை மழை பிடிச்சுக்கும், மே மாசம் சீசன் கூட்டம், லாரி மேல வராது. கான்கிரீட் எம்-30 தரம், 20 செ.மீ. கனம், அடியில 10 செ.மீ. லீன் கான்கிரீட், அதாவது சிமென்ட் குறைவான கலவை. கீழே இருந்து மேல போட்டுட்டு வரணும், தண்ணி அதிகமா கலந்தா சரிவுல வழிஞ்சுடும். நாலு மீட்டருக்கு ஒரு வெட்டு, 5 செ.மீ. ஆழம், மறுநாளுக்குள்ள. இறுகறதுக்கு முன்னாடி குறுக்கே துடைப்பத்தால கோடு இழுக்கணும், டயருக்குப் பிடி வேணும். சரிவுல பாத்தி கட்டினா தண்ணி நிக்காது, அதனால நனைச்ச கோணிச் சாக்கு, 14 நாளைக்குக் காயவே விடக் கூடாது.

லதா டீச்சர்: இதையெல்லாம் பகுதி சபாவுல, அதாவது நம்ம பகுதி மக்கள் கூட்டத்துல, தீர்மானமாவும் வெச்சுடலாம். எஸ்டிமேட் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டு எழுதிப் போடுறேன்.

போஜன் சார்: டெண்டருக்கு முன்னாடியே கேளுங்கம்மா. ஒர்க் ஆர்டர் போட்டபிறகு ஒரு சிலாப் சேர்க்கணும்னாலும் எஸ்டிமேட்டைத் திருத்தணும், யாரும் பண்ண மாட்டாங்க.

ஸ்டெல்லா அக்கா: கான்கிரீட் காயற நாள்ல ஆம்புலன்ஸ் வரணும்னா?

போஜன் சார்: 180 மீட்டரையும் ஒரேயடியா அடைக்க விடாதீங்க. முதல்ல மேல் பாதி, அது வண்டி தாங்குற 28 நாள் வரைக்கும் கீழ் பாதி திறந்திருக்கணும். அப்புறம் மாத்திக்கலாம், மேல் பாதிக்கு மேல் ரோட்டு வழி இருக்கு. படிக்கட்டை முதல் வேலையா முடிச்சுட்டா ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போகவாவது வழி இருக்கும்.

மணி பிளம்பர்: என்கிட்ட 15 மீட்டர் மட்டக் குழாய் இருக்கு. நாளைக்கு சாயங்காலம் 4 மணிக்கு மேல் வீட்டுல இருந்து வாசற்படி மட்டம் பார்த்துட்டு வரேன். எல்லாரும் உங்க மழைத்தண்ணிப் பைப், கழிவுநீர்ப் பைப் வெளியே வர்ற இடத்துல சாக்பீஸால ஒரு வட்டம் போட்டு வைங்க.

கார்த்தி: நான் கூட வரேன் அண்ணா, எழுதிக்கிறேன். மழை வந்தா தண்ணி ஓடுறதை வீடியோவும் எடுத்துடலாம், ஜேஇ-க்குக் காட்ட.